9 வாரக் குட்டி பியர்டட் டிராகன், 5 நாளில் 3 சில்வண்டுதான் தின்றிருக்கிறது

கேள்வி

வணக்கம். என் தங்கை இரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு, கடைசியில் வீட்டுக்கு வந்த பியர்டட் டிராகன் குட்டி இது, வீட்டில் வளர்க்கிற ஒரு வகை ஓணான். பெயர் மிளகு. வந்து இன்றோடு 11 நாள். வரும்போது ஏழரை வாரம், இப்போது 9 வாரம். வாலோடு சேர்த்து 19 சென்டிமீட்டர்.

“காலையில் 20, சாயங்காலம் 20 சில்வண்டு போடுங்கள், அதுவும் போதாது என்று பார்க்கும்” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வந்த அன்று ஒன்றும் தொடவில்லை. புது இடம் என்று விட்டுவிட்டோம். மறுநாள் 6 தின்றது. அதற்கு அடுத்த நாள் 4. பிறகு தினமும் ஒன்றிரண்டாகக் குறைந்து, கடந்த 5 நாளில் மொத்தமே 3. அந்த மூன்றும் நான் இடுக்கியில் பிடித்து மூக்குக்கு முன்னால் பத்து நிமிஷம் ஆட்டிக்கொண்டு நின்றதால்.

இதில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. சாப்பாட்டில் ஆசை இல்லாத மாதிரி தெரியவில்லை. சில்வண்டு ஓடினால் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கிறது. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி மறு கண்ணால் பார்க்கிறது. நாக்கு நுனி, வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு அரிசி அளவு, உதட்டுக்கு வெளியே வந்து நிற்கிறது. இதோ பாயப் போகிறது என்று நானும் தங்கையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்போம். அந்த நுனி அப்படியே உள்ளே போய்விடும். கண்ணை மூடிக்கொள்ளும். சில்வண்டு அதன் முதுகு மேலேயே ஏறிப் போனாலும் அசையாது.

தொட்டி மரம், முன்பக்கம் மட்டும் கண்ணாடிக் கதவு. 120 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 உயரம். ஒரு முனையில் 75 வாட் ஹாலோஜன் விளக்கு, அதற்குக் கீழே தட்டைக் கல். யூவிபி (புற ஊதாக் கதிர்) டியூப், தொட்டிக்கு உள்ளேயே மேலே பொருத்தியது. அது மிளகைக் கொடுத்தவர்களே சேர்த்துக் கொடுத்தது. இரவில் குளிராமல் இருக்க ஒரு சிவப்பு பல்ப். தரைக்கு வெறும் டிஷ்யூ பேப்பர்தான், மணல் போடவில்லை. பின்சுவரில் ஒட்டியிருக்கிற வட்ட மீட்டர் 40 டிகிரி காட்டுகிறது, அதனால் சூட்டில் குறையில்லை என்றுதான் நினைக்கிறேன். பகல் முழுக்க அந்தக் கல் மேலேயே, உடம்பைத் தோசை மாதிரி பரப்பிக்கொண்டு, கறுத்துப்போய்ப் படுத்திருக்கிறது.

நேற்று சமையல் தராசில் 17 கிராம். வந்த அன்று 18. தங்கை பள்ளிக்கூடம் போகும்முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை தொட்டி முன்னால் உட்கார்ந்து “ஒண்ணே ஒண்ணு தின்னுடா” என்று கெஞ்சுகிறாள். எனக்கு இதில் அனுபவம் இல்லை. மீல்வார்ம் புழு போட்டுப் பார்த்தேன், தொடவில்லை. பூசணியைத் துருவி வைத்தேன், காய்ந்துபோனதுதான் மிச்சம். வேறு என்ன மாற்றிக் கொடுத்துப் பார்க்கலாம்?

முதல் பதில்

இடம் மாறிய குட்டி ஒரு வாரம், பத்து நாள் சரியாகச் சாப்பிடாமல் இருப்பது நிறையப் பேர் பார்த்ததுதான். பதறாதீர்கள். கண்ணாடிக் கதவில் தன் பிம்பத்தையே பார்த்து வேறொரு டிராகன் நிற்பதாக நினைத்து மிரளும். கதவின் கீழ்ப்பாதியில் பேப்பர் ஒட்டிப் பாருங்கள். ஒரு வாரத்துக்குத் தூக்கிக் கொஞ்சுவதையும் நிறுத்துங்கள். தங்கைக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது பதில்

5 நாள் என்பது இந்த வயசுக்கு ரொம்ப அதிகம். காத்திருக்க வேண்டாம். சில்வண்டை அரைத்துக் கொஞ்சம் தண்ணீர் கலந்து சிரிஞ்சில் வாயோரமாக ஊற்றுங்கள். இல்லையென்றால் குளிர்காலத் தூக்கத்துக்குப் போகப் பார்க்கிறதோ என்னவோ, அதையும் யோசியுங்கள்.

மூன்றாவது பதில்

தம்பி, சிரிஞ்சைக் கையில எடுக்காதீங்க. மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல இதைச் சொல்லிடறேன். மேல எழுதினவர் நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருக்கார். ஆனா 17 கிராம் உயிரு அது. வாயைப் பிரிச்சுப் பாத்தா, நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாய் வாசல் திறந்திருக்கும். பழக்கமில்லாத கை ஊத்தினா ஒரு சொட்டு அதுக்குள்ள போறதுக்கு நேரம் ஆகாது. நுரையீரல்ல சளி கட்டிக்கும். மருத்துவர் கைல, அவர் சொல்ற அளவுல கொடுக்கறது வேற விஷயம். குளிர்காலத் தூக்கமும் இல்ல. அது ஒரு வயசு தாண்டினதுகளுக்கு வர்றது. ஒம்பது வாரக் குட்டி சாப்பிடாம சுருண்டா, ‘தூங்குது’ன்னு விட்டுடக் கூடாது.

என்ன மாத்திக் கொடுக்கலாம்னு கேட்டிருக்கீங்க. இப்போதைக்கு ஒண்ணையும் மாத்தாதீங்க. உங்க கேள்வில சாப்பாட்டைப் பத்தி எழுதின வரிகளை விட, பின்சுவர் மீட்டரைப் பத்தி எழுதின வரிதான் என்னை உறுத்துது.

அந்த மீட்டர் சொல்றது சுவரோட சூட்டை. விளக்குக்குப் பக்கத்துல, உயரமா ஒட்டியிருந்தா விளக்கோட சூட்டைச் சொல்லும். மிளகு சுவத்துல படுக்கறதில்லையே. அது வயித்தை வெச்சுப் படுக்கற கல்லோட மேல்பரப்பு எத்தனை டிகிரி? அது ஒண்ணுதான் கணக்கு. இந்த வயசுக்கு அந்த இடம் 40-லேருந்து 43 டிகிரி செல்சியஸ் இருக்கணும். எதிர் முனை 25-லேருந்து 28. ரெண்டும் ஒரே தொட்டில வேணும். சூடு ஏறினா இறங்கிப் போக ஒரு இடம், குளிர்ந்தா ஏறி வர ஒரு இடம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, இதுங்க ஆஸ்திரேலியாவோட நடுப்பகுதி வறண்ட நிலத்து உயிரு. போகோனா விட்டிசெப்ஸ்னு அறிவியல் பேரு. காலையில கட்டையிலயோ பாறையிலயோ ஏறி, முதுகைக் கறுப்பாக்கி, விலாவைப் பரப்பி வெயிலை வாங்கும். கறுப்பு சூட்டைச் சீக்கிரம் இழுக்கும். உடம்பு 35 டிகிரிக்குப் பக்கத்துல வந்தப்புறம்தான் அதோட நாளே ஆரம்பிக்கும். நிறம் வெளுக்கும், இறங்கி இரை தேடும். நம்ம மாதிரி உள்ளேருந்து சூடு வராது. உடம்பு சூடாகலைன்னா செரிமானச் சுரப்பெல்லாம் மந்தமாத்தான் ஓடும். அந்த நிலையில சாப்பாடு உள்ள போனா வயித்துலயே கிடந்து கெடும். அதனால பசியும் அடங்கிடும். வேணாம்னு அது அடம்பிடிக்கல. உடம்பு இன்னும் தயாராகலை.

நீங்க எழுதின அந்தக் காட்சியை, நாக்கு நுனி வெளிய வந்து திரும்பிப் போறதை, நான் பாத்திருக்கேன். என்கிட்ட முதல்ல வந்த குட்டி மூணு வாரம் இப்படியே பண்ணுச்சு. கண்ணு இரையைப் பாக்குது, உடம்பு பாயறதுக்கு எழும்பல. பகல் முழுக்க கறுத்து, பரந்து, விளக்குக்கு அடியிலேயே கிடக்குதுன்னு எழுதியிருக்கீங்களே, அது நாள் பூரா காலைநேர வேலையையே முடிக்க முடியாம முடிக்க முடியாமத் திரும்பத் திரும்பச் செய்யுது. சூடு போதுமான அளவுக்கு ஏறின டிராகன் வெளுத்துப்போய், சில நேரம் வாயை லேசாத் திறந்து வெச்சிருக்கும். மிளகு அப்படி வாய் திறந்து நீங்க ஒரு தடவையாவது பாத்தீங்களா?

அளக்கறதுக்கு, தூரத்துலேருந்து குறி பாத்து அழுத்தற லேசர் தெர்மாமீட்டர் இருந்தா நல்லது. இல்லைன்னா வயரோட முனையில உலோக மணி வெச்ச டிஜிட்டல் மீட்டர். அந்த மணியை மிளகு வயிறு படற இடத்துலயே கல் மேல வெச்சு, விளக்கு போட்டு ஒரு மணி நேரம் கழிச்சுப் பாருங்க. குறைவா இருந்தா விளக்கைச் சும்மா மாத்தாதீங்க, கல்லை உயர்த்துங்க. அடில இருந்து சூடாகற கல்லுன்னு ஒண்ணு விக்கும், அதை வாங்கிடாதீங்க. இதுங்களுக்கு மேலேருந்து வர்ற சூடுதான் புரியும், வயிறு வெந்தாலும் நகராது.

அந்தச் சிவப்பு பல்பை இன்னைக்கே கழட்டிடுங்க. சிவப்பு வெளிச்சம் அதுக்குத் தெரியாதுங்கறது தப்பு, நல்லாவே தெரியும். ராத்திரி தூக்கம் கெடுது. அறை 18 டிகிரிக்குக் கீழ போகலைன்னா ராத்திரிக்குச் சூடே வேணாம். இருட்டுதான் வேணும்.

டியூப் எத்தனை மாசம் எரிஞ்சதுன்னு கேட்டீங்களா? வெளிச்சம் வரும், யூவிபி போயிருக்கும், கண்ணால பாத்துத் தெரியாது. டி5ங்கற ஒல்லி டியூபை ஒரு வருஷத்துக்கு மேல நம்ப மாட்டேன். வயசு தெரியலைன்னா புதுசு போட்டுடுங்க. யூவிபி இல்லாம தோல்ல வைட்டமின் டி3 உருவாகாது, டி3 இல்லாம நீங்க பூச்சி மேல தூவற கால்சியம் எலும்புக்குப் போகாது. கீழ்த்தாடை ரப்பர் மாதிரி வளையுதா, விரல் துடிக்குதான்னு பாருங்க. ரெண்டுல ஒண்ணு இருந்தாலும் நேரா மருத்துவர்கிட்ட.

கடைசியா ஒண்ணு. சாப்பிடாத சில்வண்டை என்ன பண்றீங்க? ராத்திரி தொட்டிலயே விட்டுடறீங்களா?

நான்காவது பதில்

மேலே அக்கா சொன்னதோடு சேர்த்து, மலப் பரிசோதனை. குட்டிகளில் ஊசிப்புழுவும் காக்சிடியாவும் (குடலில் வாழும் நுண்ணிய ஒட்டுண்ணி) சர்வ சாதாரணம். மலம் கடைசியாக எப்போது போனது, எப்படி இருந்தது என்று எழுதவே இல்லையே? அடுத்த தடவை போனதும் சின்ன டப்பாவில், காயாமல், அன்றைக்கே ஊர்வன பார்க்கிற மருத்துவரிடம் கொண்டு போய்விடுங்கள். தேவை என்று பார்த்தால்தான் மருந்து, முன்கூட்டியே யார் சொன்னாலும் புழு மருந்து கொடுக்காதீர்கள்.

தராசு விஷயம். சமையல் தராசு 1 கிராம் கணக்கில்தான் காட்டும். 17.4 இருந்தாலும் 17, 16.6 இருந்தாலும் 17. குறைந்தது உண்மையில் ஒரு கிராமா, கால் கிராமா என்று தெரியாது. இவ்வளவு சின்ன உயிருக்கு 0.1 கிராம் காட்டுகிற தராசு வேண்டும். தினமும் காலையில், சாப்பாட்டுக்கு முன், எழுதி வையுங்கள். வந்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் எங்கள் யாருடைய பதிலுக்கும் காத்திருக்க வேண்டாம். கண் குழிவிழுந்தாலும், பின்னங்கால் இழுத்தாலும் அப்படியே.

கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. அக்கா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு உடனே வயர் மீட்டர் ஒன்று வாங்கி வந்தேன். கல் மேல் வைத்து ஒரு மணி நேரம் காத்திருந்தோம். 31.

சுவர் மீட்டர் அப்போதும் 40 காட்டிக்கொண்டுதான் இருந்தது. விளக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஒட்டியிருக்கிறது, நீங்கள் சொன்னது அப்படியே. கல்லுக்கும் விளக்குக்கும் நடுவே அளந்தால் 44 சென்டிமீட்டர். தொட்டியில் இருப்பதிலேயே சூடான இடமே 31 என்றால், 11 நாளாக அது எங்கே போயும் சூடு தேடிக்கொள்ள வழியே இருந்திருக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நான் புழு மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். மனசு ஆறவில்லை.

வாய் திறந்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

சில்வண்டு கேள்விக்குப் பதில்: ஆமாம், விட்டுவிடுவோம். இரவில் எழுந்து தின்னும் என்று நினைத்தோம். நீங்கள் கேட்டதும் டார்ச் அடித்து மிளகை நன்றாகப் பார்த்தோம். இடது பின்னங்காலில் கடைசி விரல் நுனி தோல் உரிந்து, பொடிப் புண்ணாக இருக்கிறது. தங்கைதான் கண்டுபிடித்தாள். டிஷ்யூ பேப்பரைத் தூக்கினால் அடியில் 14 சில்வண்டு.

தாடை கெட்டியாக இருக்கிறது, துடிப்பு எதுவும் இல்லை. டியூப் எவ்வளவு நாள் எரிந்தது என்று கொடுத்தவர்களுக்கே தெரியவில்லை, புதிதாக வாங்கிவிட்டேன். மலம் நேற்று போயிருக்கிறது, தண்ணீராக, வழக்கத்தைவிட நாற்றமாக. அடுத்ததைப் பிடித்துக் கொண்டு போகிறேன்.

கல்லை எப்படி உயர்த்துவது? அடியில் இரண்டு செங்கல் வைத்தால் போதுமா?

மூன்றாவது பதில் எழுதியவர்

31-ஆ! தம்பி, மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. நானும் அந்த மாதிரி வட்ட மீட்டரை நம்பித்தான் ஆரம்பிச்சேன், பெட்டியில அதைத்தானே சேர்த்து வெச்சு விக்கறாங்க. பதினோராவது நாள்லயே கேட்டீங்க, அது போதும்.

செங்கல் தொட்டித் தரை மேல நேரா உக்காரணும், பேப்பர் மேலயோ வேற எது மேலயோ இல்ல. ஆடாம இருக்கான்னு கையால அழுத்திப் பாருங்க. அடில பூந்து படுக்கற பழக்கம் இருக்கு, சரிஞ்சா நசுங்கிடும். கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவுல சிலிகான் பசை வெச்சு, ஒரு நாள் வெளிய காய வெச்சு, நாத்தம் போனப்புறம் உள்ள வைங்க. அதுவரைக்கும் ஒரே கனமான கட்டையா ஏதாவது வெச்சுச் சமாளிங்க. அது ஏறி வர ஒரு மரக்கிளையைச் சாய்ச்சு வெச்சுடுங்க. விளக்குக்கு 25 சென்டிமீட்டர்ல ஆரம்பிச்சு, அளந்து, கூட்டிக் குறைச்சு 41-ல நிறுத்துங்க. விளக்குக்கு டிம்மர் மாட்டினா இன்னும் சுலபம். கல் உயர்ந்தா டியூபுக்கும் பக்கமாகும், அதைக் கவனிங்க. உள்ள பொருத்தின டி5 டியூப்புக்கும் முதுகுக்கும் 30 சென்டிமீட்டராவது இருக்கட்டும்.

அந்தக் கால் விரலைப் பத்தி எழுதினதும் எனக்கு நெஞ்சு பதறிடுச்சு. பசிச்ச சில்வண்டு தூங்கற டிராகனைக் கடிக்கும். விரல், வால் நுனி, கண்ணோரம். ராத்திரி கடிச்ச பூச்சியைப் பகல்ல இரைன்னு அது எப்படி நம்பிக்கையா நெருங்கும்? சூடு முதல் காரணம், இது ரெண்டாவது. பூச்சி ஒண்ணுகூட உள்ள தங்கக் கூடாது. விரலை மருத்துவர்கிட்டப் போகும்போது காட்டிடுங்க, நீங்களா எந்தக் களிம்பும் போடாதீங்க.

இன்னைக்கும் நாளைக்கும் சாப்பாடே காட்டாதீங்க. சும்மா சூடாகட்டும். மூணாம் நாள் காலையில விளக்கு போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஆரம்பிங்க. ரெண்டு கண்ணுக்கு நடுவுல இருக்கற அகலத்தை விடப் பெரிய பூச்சி வேணாம். ஒரு நேரத்துல ரெண்டே ரெண்டு சில்வண்டு. வேணும்னா சில்வண்டோட பெரிய பின்னங்காலைக் கழட்டிட்டுப் போடுங்க, தாவாது. தின்னா இன்னும் ரெண்டு. 15 நிமிஷம் ஆனதும் மிச்சத்தை எடுத்துடுங்க. கையை மேலேருந்து இறக்காதீங்க. தலை உச்சில மூணாவது கண்ணு மாதிரி ஒரு புள்ளி இருக்கு பாருங்க, வெளிச்சமும் நிழலும் அதுக்குத் தெரியும். மேலேருந்து நிழல் விழுந்தா அதுக்குப் பருந்துதான். பக்கவாட்டுல, தரையோட தரையா கொண்டு போங்க.

கால்சியம் பவுடரை எப்படித் தூவறீங்க? சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா இருந்தா சில குட்டிங்க முகத்தைத் திருப்பிக்கும். டப்பால ஒரு சிட்டிகை போட்டு, பூச்சியைப் போட்டு, லேசா ஒரு குலுக்கு. மேல தூசி படிஞ்ச மாதிரி இருந்தாப் போதும்.

ராத்திரி விளக்கு அணைக்க ரெண்டு மணி நேரம் முன்னாடியே கடைசிச் சாப்பாடு முடிஞ்சிருக்கணும். தின்னதைச் செரிக்க அந்தச் சூடு வேணும்.

இரண்டாவது பதில் எழுதியவர்

சிரிஞ்ச் விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன், திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு சந்தேகம்: மெழுகுப்புழு ஒன்று கொடுத்து ஆசையைத் தூண்டிவிடலாம் இல்லையா?

மூன்றாவது பதில் எழுதியவர்

ஒண்ணு கொடுக்கலாம், தப்பில்ல. ஆனா அது முழுக்கக் கொழுப்பு. ருசி கண்டுட்டா சில்வண்டைத் திரும்பிப் பாக்காது, அப்புறம் அதை மறக்கடிக்கறது ஒரு தனிப் பாடு. அதுக்கு பதிலா பட்டுப்புழுக் குட்டியோ, கறுப்பு சோல்ஜர் ஈயோட புழுவோ கிடைச்சாப் பாருங்க. சோல்ஜர் ஈப் புழுல கால்சியம் இயல்பாவே நிறைய. நெளியற நெளிப்பே குட்டியை இழுக்கும். ஆனா எந்தப் பூச்சியையும் வெளிச் செடியிலேருந்து, விளக்கடியிலேருந்து பிடிச்சுப் போடாதீங்க. பூச்சிமருந்து பட்டிருக்கும். மின்மினிப்பூச்சி தப்பித்தவறி ஒண்ணு உள்ள போனாலே டிராகன் செத்துடும். இதைத் தங்கச்சிகிட்டயும் சொல்லி வைங்க.

கேட்டவர்

நாலாம் நாள். கல் மேல் 41, எதிர் முனை 27. சிவப்பு பல்ப் போய்விட்டது. கதவுக்குப் பேப்பர் ஒட்டியாயிற்று.

முதல் நாள் மத்தியானமே நிறம் மாறியது. கல் மேல் ஒரு மணி நேரம் கறுப்பாகக் கிடந்தது. பிறகு முதுகு நடுவிலிருந்து ஆரம்பித்து, காபியில் பால் கலக்கிற மாதிரி மெதுவாக வெளுத்து, தலை மட்டும் கடைசியாக மஞ்சளாக ஆனது. அந்த மஞ்சள் அதற்கு இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது. சாயங்காலம் முதல் முறையாக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தங்கை ஓடி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள்.

நேற்று காலை, நீங்கள் சொன்னபடி இரண்டு சில்வண்டு. ஒன்றைப் பார்த்தது. தலையைச் சாய்த்தது. நாக்கு நுனி வந்தது. இந்த முறை உள்ளே போகவில்லை. ‘டப்’ என்று ஒரு சத்தம், சில்வண்டு இல்லை. மென்று முடிக்கக் கண்ணை மூடி மூடித் திறந்தது. இரண்டாவதைத் துரத்திக்கொண்டு தொட்டியின் பாதி தூரம் ஓடியது. நேற்று மொத்தம் 5, இன்று காலை 7. புது தராசில் 17.1 கிராம்.

இன்று மலம் கொண்டு போய்க் கொடுத்தோம். ஊசிப்புழு முட்டை கொஞ்சம் இருக்கிறதாம், காக்சிடியா இல்லை. இந்த அளவுக்கு இப்போது மருந்து வேண்டாம், சாப்பிட ஆரம்பித்திருக்கிறது, மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு மாதிரி கொண்டு வாருங்கள் என்றார் மருத்துவர். விரல் புண்ணைத் துடைத்துக் காட்டினார், நகம் போயிருக்கிறது, எலும்பு நன்றாக இருக்கிறது.

நான்காவது பதில் எழுதியவர்

ரொம்பச் சந்தோஷம். ஊசிப்புழு இருக்கிறவரை மலத்தை உடனுக்குடன் எடுத்துவிடுங்கள், பேப்பரை அன்றாடம் மாற்றுங்கள். மலத்தில் வெளியே வந்த முட்டையே திரும்ப உள்ளே போகிற சுற்று அது. தண்ணீர்க் கிண்ணத்தையும் சேர்த்துக் கழுவுங்கள். பிறகு உங்கள் கைகளும். ஊர்வன எதைத் தொட்டாலும் சால்மொனெல்லா கிருமி நினைவில் இருக்கட்டும், குறிப்பாகத் தங்கைக்கு.

கேட்டவர்

கேள்வி கேட்டு இன்றோடு 20 நாள், அதனால் ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போகிறேன். மிளகு இன்று காலை 25.6 கிராம். ஒரு வேளைக்கு 15-லிருந்து 20 சின்ன சில்வண்டு, ஒரு நாளைக்கு மூன்று வேளை. சில்வண்டு டப்பாவின் சத்தம் கேட்டாலே கல்லிலிருந்து இறங்கிக் கதவுக்கு வந்துவிடுகிறது. கடந்த வாரம் ஒரு நாள் மட்டும் 4 தின்றுவிட்டு நிறுத்தியது, எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பார்த்தால் தலையில் தோல் உரிய ஆரம்பித்திருக்கிறது. மறுநாள் சரியாகிவிட்டது. அப்போது முதலில் மீட்டரைத்தான் எடுத்து வைத்துப் பார்த்தேன். 41.

சுவர் மீட்டரைப் பிய்த்து எடுத்துவிட்டோம்.

கீரை மட்டும் இன்னும் ஒரு வாய்கூட இல்லை. பூசணித் துருவலை நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு அதன் மேல் நடந்து போகிறது. அதற்கு என்ன செய்யலாம் அக்கா?

மூன்றாவது பதில் எழுதியவர்

25.6! படிச்சதும் என் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கீரைக்கு அவசரம் வேணாம். இந்த வயசுல முக்காவாசி பூச்சிதான், இலைல நாட்டம் போகப் போகத்தான் வரும். பெரிசானப்புறம் அது அப்படியே தலைகீழா மாறும். ஆனா தினமும் காலையில, பூச்சிக்கு முன்னாடி, பொடிப்பொடியா நறுக்கி ஒரு தட்டுல வெச்சுக்கிட்டே இருங்க. டேண்டலியன் இலை, காலர்ட் இலை இப்படி. பாலக்கீரை அடிக்கடி வேணாம், கால்சியத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். அவகாடோ மட்டும் எப்பவுமே கூடாது. இலை மேல ரெண்டு சோல்ஜர் ஈப் புழுவை விட்டுப் பாருங்க. புழு நெளியும்போது இலை அசையும், அது புழுவைக் கொத்தும்போது ஒரு துணுக்கு இலையும் சேர்ந்து வாய்க்குள்ள போகும். என் குட்டி அப்படித்தான் ஆரம்பிச்சது. மூணாவது மாசத்துல.